பெரூஜாவில் அரிச்சுவடி

பெரூஜா: பந்தும் கேள்வியும்

ஆசிரியை கையிலிருந்த துணிப்பந்தை என் பக்கம் வீசி ஏதோ கேட்டார். பந்தைப் பிடித்துவிட்டேன். கேள்வி பிடிபடவில்லை. வகுப்பில் இருந்த பதினான்கு பேரும் என்னைப் பார்த்தார்கள். அவர் அதே கேள்வியை இன்னும் மெதுவாகக் கேட்டார். சிரித்த முகத்தோடுதான் கேட்டார். எனக்கோ காது சூடேறி, நாக்கு அண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. இருபத்துமூன்று ஆண்டுகளாக வகுப்பின் முன்னால் நின்று கேள்வி கேட்டே பழகியவன் நான். பக்கத்தில் இருந்த பிரேசில் நாட்டுப் பெண் "இந்தியா, இந்தியா" என்று காதோடு சொன்னாள். எந்த ஊர் என்றுதான் கேட்டிருக்கிறார்.

அரியலூர் மாவட்டத்தில், கொள்ளிடத்தின் வடகரைப் பக்கம் ஓர் அரசுப் பள்ளியில் நான் தமிழாசிரியர். வீரமாமுனிவர் தங்கி வாழ்ந்த ஏலாக்குறிச்சி எங்களுக்குச் சைக்கிள் மிதிக்கும் தூரம். பத்தாம் வகுப்பில் தேம்பாவணி நடத்தும்போதெல்லாம், இத்தாலியிலிருந்து வந்த ஒருவர் முப்பது வயதில் தமிழ் படிக்கத் தொடங்கி 3,615 பாடல்களில் இந்தக் காப்பியத்தைப் பாடினார் என்று சொல்லிவிட்டு அடுத்த பத்திக்குப் போய்விடுவேன். இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஒரு மாணவி எழுந்து, "ஐயா, அவருக்குத் தமிழ்ல மொதல்ல எது கஷ்டமா இருந்துச்சு?" என்று கேட்டாள். பாடல் எண்ணிக்கை தெரிந்த எனக்கு அது தெரியவில்லை. அந்தக் கேள்விதான் என்னை இத்தாலிக்குக் கொண்டுவந்தது. அவருடைய தாய்மொழியின் அரிச்சுவடியையாவது படித்துப் பார்த்தால், எந்த வாயிலிருந்து அவர் தமிழுக்குள் வந்தார் என்று கொஞ்சம் தெரியுமே என்று நினைத்தேன்.

பெரூஜா, உம்பிரியா மாநிலத்தின் தலைநகர். மலை முகட்டில் உட்கார்ந்திருக்கிற ஊர். நடுநகருக்குப் போக, ஒரு கோட்டையின் வயிற்றுக்குள் நகரும் படிக்கட்டுகளில் ஏறவேண்டும். 1540இல் உப்புக்கு விதித்த வரியை எதிர்த்து இந்த நகரம் கிளர்ந்தது. திருத்தந்தை மூன்றாம் பவுல் படையனுப்பி அடக்கி, எதிர்த்த குடும்பத்தாரின் வீடுகளின் மேலேயே கோட்டையை எழுப்பினார். தெருவும் வாசலும் சன்னலும் அப்படியே உள்ளே புதைந்துபோயின. இன்று அந்தப் புதைந்த தெரு வழியாகவே காய்கறிப் பையோடு ஆட்கள் மேலே வருகிறார்கள். அந்தக் கோபத்தில்தான் இன்னும் ரொட்டியில் உப்புப் போடுவதில்லை என்பார்கள். உப்பில்லா ரொட்டி பக்கத்து மாநிலமான தஸ்கனியிலும் உண்டு என்று நான் சொல்லிப் பார்த்தேன். யாரும் காதில் வாங்கவில்லை. கதையைச் சொல்லும்போது நேற்று வரி போட்டதுபோல் முகம் சிவக்கிறது.

அயல்நாட்டவருக்கு இத்தாலி மொழியும் பண்பாடும் கற்பிக்கும் வகுப்புகள் இங்கே 1921இல் தொடங்கின. அதுவே பிறகு பல்கலைக்கழகமாக வளர்ந்தது. 18ஆம் நூற்றாண்டு மாளிகை ஒன்றில் நடக்கிறது. எதிரே கி.மு. 3ஆம் நூற்றாண்டில் எத்ருஸ்கர்கள் கட்டிய நகரவாயில். கங்கைகொண்ட சோழபுரத்துப் பக்கத்திலிருந்து போகிறவனைக் கல்லைக் காட்டி எளிதில் அசத்த முடியாது. அந்த வாயில் அசத்தியது. அதன் கீழே மாணவர்கள் ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு வகுப்புக்கு ஓடுகிறார்கள்.

வகுப்பில் முதல் நாளிலிருந்தே இத்தாலி மொழி மட்டும்தான். ஓய்வுபெற்ற ஜப்பானியர் ஒருவர், சீன மாணவர்கள் ஐந்து பேர், முதியோரைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்கு வந்த உக்ரைன் பெண், சமையல்காரரான வங்கதேச இளைஞர் என்று எல்லாரும் பாலர் வகுப்புப் பிள்ளைகள்போல நாற்காலி, மேசை, சன்னல் என்று ஒப்பித்தோம். மேசை ஆண்பால், நாற்காலி பெண்பால். திணை வகுத்து வைத்திருக்கும் மொழியிலிருந்து போனவனுக்கு, உயிரில்லாத பொருளுக்குப் பால் சொல்ல வாய் வரவில்லை. நான்கு நாள் தினமும் தவறினேன்.

ஐந்தாம் நாள் ஒரு வெளிச்சம் கிடைத்தது. "மி பியாச்சே" என்று பலகையில் எழுதினார் ஆசிரியை. ஆங்கிலம் வழியாக யோசித்தவர்கள் திணறினார்கள். "நான் விரும்புகிறேன்" என்ற அமைப்பே அதில் இல்லை. எனக்கு ஒரு நொடியில் விளங்கிவிட்டது. எனக்குப் பிடிக்கும்! நான்காம் வேற்றுமை. அதுவரை நானும் ஆங்கிலத்தைப் பாலமாகப் போட்டுத்தான் நடந்துகொண்டிருந்தேன். அன்றோடு அந்தப் பாலத்தை விட்டேன். வினைமுற்றே ஆளைச் சொல்லிவிடுவதால் நான், நீ என்று தனியே சொல்லத் தேவையில்லை. "வந்தேன்" என்றால் போதாதா, அதேபோலத்தான். பெரியவர்களுக்கும் புதியவர்களுக்கும் "லேய்" என்று மரியாதைச் சொல் உண்டு. "அவள்" என்பதற்கும் அதுவே சொல். ஆணைப் பார்த்தும் மரியாதையாக "அவள்" என்றே பேச வேண்டும் என்பது விசித்திரம்தான். ஆனால் நீ, நீங்கள் என்று பிரித்துப் பழகிய நமக்கு அது எங்கே வேண்டும் என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. சிஞ்ஞோரா, பாஞ்ஞோ என்று மற்றவர்கள் நாக்கை முறுக்கிக்கொண்டிருந்தபோது, அஞ்ஞானம் என்று சொல்லத் தெரிந்த நான் சும்மா சொல்லிவிட்டேன்.

இரண்டாவது வாரம் நடந்த ஒன்றுதான் இந்தப் பயணத்தின் நடுநாயகம் என்று எனக்குத் தோன்றுகிறது. தாத்தாவுக்கு "நோன்னோ" என்பார்கள். ஒற்றெழுத்தை அழுத்த வேண்டும். அழுத்தாமல் "நோனோ" என்றால் ஒன்பதாவது என்று பொருள். பிரேசில் பெண் தன் குடும்பத்தைப் பற்றிப் பேசும்போது நோனோ, நோனோ என்றே சொன்னாள். நானாக இருந்தால் உடனே நிறுத்தித் திருத்தியிருப்பேன். ஆசிரியை முழுவதும் கேட்டார். பிறகு, "உன் முன்னோர் வெனெதோ பகுதியா?" என்றார். ஆம், கொள்ளுத்தாத்தா அங்கிருந்துதான் கப்பலேறினார். வெனெதோவின் வட்டார மொழியில் ஒற்று இரட்டிக்காது. உன் வீட்டார் நாலு தலைமுறையாகக் கடலுக்கு அப்பால் அந்த உச்சரிப்பைக் காப்பாற்றி வைத்திருக்கிறார்கள் என்று விளக்கினார். அதற்கப்புறம்தான் பொது வழக்கில் எப்படிச் சொல்வது என்று சொல்லிக்கொடுத்தார். அந்தப் பெண்ணின் கண் நிறைந்துவிட்டது.

எனக்கு ஊரில் ஒரு பையன் நினைவுக்கு வந்தான். எட்டாம் வகுப்பு. பெற்றோர் ஒடிசாவிலிருந்து செங்கல் சூளைக்கு வந்தவர்கள். வகுப்பில் வாயே திறக்கமாட்டான். சொல்வதெழுதுதலில் "ஏரி நிறைந்தது" என்றால் "எரி நிறைந்தது" என்று எழுதுவான். "கோடு" என்றால் "கொடு". ஆண்டு முழுவதும் சிவப்பு மையால் சுழித்தேன். பத்துத் தடவை எழுதிவரச் சொன்னேன். எழுதிவந்தான். மறுபடி அதே தவறு. இவனுக்கு ஏறாது என்று முடிவுகட்டியிருந்தேன். ஏன் அந்தத் தவறு மட்டும் வருகிறது என்று ஒரு நாளும் கேட்டதில்லை.

பெரூஜா: சிஞ்ஞோராவின் சமையலறை

நான் தங்கியிருந்த வீட்டு அம்மாவுக்கு வயது 78. உள்ளே நுழையும்போது, சொந்த மருமகளே ஆனாலும், "பெர்மெஸ்ஸோ" என்று சொல்லி அனுமதி கேட்டுக்கொண்டுதான் நுழைய வேண்டும் அவர் வீட்டில். என்னைப் "ப்ரோஃபெஸ்ஸோரே" என்றே கூப்பிட்டார். உயர்நிலைப்பள்ளி ஆசிரியருக்கும் அங்கே அதுதான் பட்டம். மூன்றாவது வாரம், இனி "தூ" என்றே பேசிக்கொள்ளலாம் என்று அவரே சொன்னார். நெருங்கிய உறவாக ஏற்றுக்கொண்டதற்கு அடையாளம் அது. ஆனால் அம்மா வயதுக்காரரை நீ என்று கூப்பிட என்னால் கடைசிவரை முடியவில்லை. அவருக்கு அது கொஞ்சம் வருத்தம்தான்.

கனமான தோசைக்கல் போன்ற ஒரு தட்டில் அவர் சுடும் ரொட்டிக்குத் "தோர்த்தா அல் தெஸ்தோ" என்று பெயர். நடுவில் பிளந்து கீரை வதக்கலை வைப்பார். கஸ்தெல்லூச்சோ மலைவெளியில் விளையும் சிறிய பருப்பை முழுசாக, குழையாமல் வேகவைத்து, மேலே ஆலிவ் எண்ணெயைச் சுற்றி ஊற்றுவார். தாளிப்பு இல்லை, புளி இல்லை, மிளகாய் இல்லை. முதல் நாள் ஏதோ குறைகிறது என்று தோன்றியது. பத்து நாளில் அந்தப் பருப்பின் மண்வாசனை நாக்குக்குத் தெரிய ஆரம்பித்தது. தட்டில் மிச்சமான சாறை ரொட்டித் துண்டால் வழித்துச் சாப்பிடுவதற்குச் "சின்னச் செருப்புப் போடுவது" என்கிற மாதிரி ஒரு சொல் வைத்திருக்கிறார்கள், ஸ்கார்பெத்தா. விருந்தில் செய்யக்கூடாதாம், வீட்டில் செய்யாமல் விடக்கூடாதாம்.

ஒரு மாலை என் வீட்டுப்பாட நோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தவர் தன் தாயைப் பற்றிச் சொன்னார். வாரத்துக்குப் பயிரிட்ட குடும்பம். விளைச்சலில் பாதி நிலக்காரருக்கு. தாய்க்குக் கையெழுத்துப் போடத் தெரியாது, பத்திரத்தில் சிலுவைக்குறிதான். 1960இல் ராய் தொலைக்காட்சியில் எழுதப் படிக்கத் தெரியாத பெரியவர்களுக்காக ஒரு பாட நிகழ்ச்சி தொடங்கியது. "எப்போதும் தாமதமில்லை" என்பதுபோல் அதற்குப் பெயர். அல்பெர்த்தோ மான்ஸி என்ற பள்ளி ஆசிரியர் பெரிய தாளில் கரித்துண்டால் மளமளவென்று படம் வரைந்து, அதிலிருந்து எழுத்துக்கு வருவார். 1968 வரை நடந்தது. வயல்வேலை முடித்துப் பக்கத்து வீட்டில் கூடி உட்கார்ந்து பார்த்த தாய்க்கு நாற்பத்தைந்து வயதில் எழுத்து வந்தது. "ராணுவத்தில் இருந்த என் அண்ணனுக்கு அவளே கடிதம் எழுதினாள்" என்று சொல்லிவிட்டு அந்த அம்மா எழுந்து அடுப்பைத் துடைக்கப் போய்விட்டார்.

1861இல் இத்தாலி ஒரே நாடானபோது நூற்றுக்கு இரண்டரைப் பேருக்குத்தான் இத்தாலி மொழி வரும் என்பது மொழியியலாளர் துல்லியோ தே மாவ்ரோவின் கணக்கு. மற்றவர்களுக்கு அவரவர் வட்டார மொழிதான். எனக்கு அந்நிய மொழியாக இருந்தது அவர்களுடைய பாட்டிமார்களுக்கும் பள்ளிக்கூடத்து மொழியாகத்தான் இருந்திருக்கிறது. இதைத் தெரிந்துகொண்ட பிறகு தெருவில் பேசக் கூச்சம் குறைந்தது. மாலையில் வன்னூச்சி வீதியில் ஊரே நடைபோடும். மே மாத வெளிச்சம் இரவு எட்டரை வரை இருக்கும். பீசானோ தந்தையும் மகனும் 1278இல் செதுக்கி முடித்த நீரூற்றின் அருகே உட்கார்ந்து, அவ்வழியே போகிறவர்களிடம் மழை வருமா என்று கேட்பேன். அவர்கள் நின்று பதில் சொல்வார்கள்.

ஃபிளாரன்ஸ்

ஃபிளாரன்ஸின் ஓவியங்களைப் பற்றி எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள். நான் பார்க்க ஆசைப்பட்டது தவிட்டை. 1583இல் அங்கே தொடங்கிய மொழிக் கழகத்தின் பெயர் க்ரூஸ்கா. க்ரூஸ்கா என்றால் தவிடு. மொழியைச் சலித்து மாவையும் தவிட்டையும் பிரிப்பது தங்கள் வேலை என்று அறிஞர்கள் வைத்துக்கொண்ட பெயர். ஆளுக்கொரு மரத் துடுப்பில் கோதுமை, மாவு, ரொட்டி சம்பந்தமாக ஓர் ஓவியமும் புனைபெயரும் எழுதி மாட்டிக்கொண்டார்கள். 1612இல் அவர்கள் வெளியிட்ட அகராதி, ஐரோப்பிய மொழிகள் பலவற்றின் அகராதிகளுக்கு முன்மாதிரியானது. அந்தத் துடுப்புகள் நகருக்கு வெளியே காஸ்தெல்லோ மாளிகையில் வரிசையாகத் தொங்குகின்றன. 120 ஆண்டு கழித்து, 1732இல், வீரமாமுனிவர் சதுரகராதியை முடித்தார். துடுப்புகளைப் பார்த்துக்கொண்டு நின்றபோது எங்கள் வீட்டு முறம் ஞாபகத்துக்கு வந்தது.

பார்பியானா

ஃபிளாரன்ஸுக்கு வடகிழக்கே முஜெல்லோ பள்ளத்தாக்கில் வீக்கியோ என்ற சிற்றூர். அங்கிருந்து காட்டுவழியே மலையேறினால் பார்பியானா. ஊர் என்று சொல்ல ஒன்றுமில்லை. ஒரு சிறு தேவாலயம், ஒட்டினாற்போல் பாதிரியார் வீடு, கொஞ்சம் கீழே கல்லறைத் தோட்டம். 1954 டிசம்பரில் லொரென்ஸோ மிலானி என்ற இளம் பாதிரியார் இங்கே மாற்றப்பட்டபோது சாலையும் இல்லை, மின்சாரமும் இல்லை. மலைக்குடியானவர்களின் பிள்ளைகளுக்காக அவர் தன் வீட்டிலேயே பள்ளி தொடங்கினார். காலையிலிருந்து இருட்டும்வரை, விடுமுறையே இல்லாமல் நடந்தது. தினமும் செய்தித்தாளைச் சொல் சொல்லாகப் பிரித்துப் படித்தார்கள். பெரிய பையன் சின்னவனுக்குச் சொல்லிக்கொடுத்தான். வளர்ந்தவர்களை அயல்நாட்டுக்கு அனுப்பி, அங்கே கூலிவேலை செய்துகொண்டே மொழி கற்றுவரச் செய்தார்.

அரசுப் பள்ளிகளில் தோல்வியடைந்து விரட்டப்பட்ட பையன்கள் இங்கே வந்து சேர்ந்தார்கள். அவர்களில் எட்டுப் பேர் சேர்ந்து, தங்களைத் தோல்வியாக்கிய ஆசிரியைக்கு எழுதுவதுபோல் ஒரு நூல் எழுதினார்கள். எந்த வகுப்பில் எத்தனை பிள்ளைகள் உதிர்கிறார்கள், அவர்களின் தகப்பன்மார் என்ன தொழில் செய்கிறார்கள் என்று கணக்கெடுத்துப் போட்டார்கள். "லெத்தெரா அ ஊனா ப்ரோஃபெஸ்ஸோரெஸ்ஸா" என்ற அந்த நூல் 1967 மே மாதம் வந்தது. ஜூன் 26இல் மிலானி இறந்தார். அப்போது அவருக்கு 44 வயது.

வகுப்பறை அப்படியே இருக்கிறது. நீளமான மேசைகள், பிள்ளைகள் கையால் வரைந்த வரைபடங்கள். வெளியே அவர்களே வெட்டிக் கட்டிய சின்ன நீச்சல் தொட்டி. தண்ணீரைக் கண்டு பயந்த மலைப் பிள்ளைகளின் பயம் போக. பொலோஞ்ஞாவிலிருந்து வந்திருந்த ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் எனக்காக மெதுவாகப் பேசினார். பயிற்சிக்காலத்தில் அந்த நூலைப் படித்து ஒரு வாரம் தூங்கவில்லையாம். "எனக்கு எழுதிய கடிதம் என்று நினைத்தேன்" என்றார். ஏழைக்கும் பணக்காரனுக்கும் நடுவே இருப்பது சொற்கள்தாம், சொல் கைவந்துவிட்டால் சமமாகிவிடுவான் என்பது மிலானியின் நம்பிக்கை. சொல் மட்டும் போதாது, நிலமும் வேண்டும் என்று நான் நினைக்கிறேன். ஆனால் முதலில் சொல் வேண்டும் என்பதில் அவர் சொன்னதுதான் சரி. கல்லறையில் சிறு கல்லில் அவர் பெயர். யாரோ பள்ளிப் பிள்ளைகள் பேனாவை வைத்துவிட்டுப் போயிருந்தார்கள்.

காஸ்திலியோனே

கடைசியாக, இங்கே வரத்தானே எல்லாம். மாந்தோவாவுக்கு வடமேற்கே, கார்தா ஏரியின் தெற்குப் பக்கம், மென்மையான குன்றுகளுக்கு இடையே காஸ்திலியோனே தெல்லே ஸ்திவியேரே. 1680 நவம்பர் 8இல், நாம் வீரமாமுனிவர் என்று அழைக்கும் கொன்ஸ்தான்ஸோ பெஸ்கி பிறந்த ஊர். 1859இல் பக்கத்துச் சொல்ஃபெரினோவில் நடந்த போரில் அடிபட்டவர்கள் ஆயிரக்கணக்கில் இங்கே வந்து விழுந்தபோது, எந்தப் படை என்று பார்க்காமல் ஊர்ப் பெண்கள் பணிவிடை செய்தார்கள். அதைக் கண்ட ஆன்ரி துய்னானின் மனத்தில்தான் செஞ்சிலுவைச் சங்கம் கருக்கொண்டது. அதற்கு ஓர் அருங்காட்சியகமே இருக்கிறது. மதியம் மஞ்சள் பூசணி வைத்த தொர்த்தெல்லி சாப்பிட்டேன். இனிப்பும் உப்பும் கலந்த அந்தச் சுவை பூரணத்தைக் கொழுக்கட்டைக்குள் தேடிப் பழகிய நாக்குக்கு உடனே பிடித்துவிட்டது.

ஊர் நூலகத்தில் இருந்த பெண்மணி பெஸ்கி என்ற பெயரைக் கேள்விப்பட்டிருந்தார். எங்கோ மதுரைப் பக்கம் போன சேசு சபைக்காரர் என்று மட்டும் தெரியும். "அங்கே என்ன செய்தார்?" என்று கேட்டார். ஒரு மாதம் படித்த மொழியில், நிகழ்காலத்தையும் இறந்தகாலத்தையும் குழப்பிக்கொண்டு, நான் பாடம் நடத்தினேன். சென்னைக் கடற்கரையில் சிலை இருக்கிறது என்றேன். காப்பியம், அகராதி, கதை என்றேன். பிறகு நோட்டைத் திறந்து எரி, ஏரி என்று இரண்டு சொல் எழுதினேன். ஒன்று நெருப்பு, ஒன்று குளம்போல் பெரிய நீர்நிலை. பழைய முறையில் குறிலுக்கு மேலே புள்ளி வைக்க வேண்டும். ஓலையில் புள்ளி குத்தினால் கிழியும் என்று அதை விட்டுவிடுவார்கள். இரண்டும் ஒன்றுபோலவே நிற்கும். தமிழர்கள் இடம் பார்த்துப் படித்துக்கொண்டார்கள். உங்கள் ஊர்க்காரர்தான் நெடிலுக்குக் கால் இழுத்தார், ஓகாரத்துக்குச் சுழி போட்டார், கொம்பை இரட்டைக் கொம்பாக்கினார் என்றேன்.

அவர் இரண்டு சொல்லையும் என்னைச் சொல்லச் சொல்லிக் கேட்டார். மூன்று தடவை. "எனக்கு ஒன்றுபோலத்தான் கேட்கிறது" என்றார். இத்தாலி மொழியில் உயிரெழுத்தை நீட்டினாலும் குறுக்கினாலும் பொருள் மாறாது. அந்த வாய்க்கும் காதுக்கும் எ, ஏ இரண்டும் ஒன்றுதான். என் மாணவியின் கேள்விக்கு இதுதான் பதில் என்று எனக்கு அங்கே உறுதியாகத் தோன்றியது. ஏலாக்குறிச்சிக்கு வந்தவருக்கு முதலில் கஷ்டமாக இருந்தது எரியும் ஏரியும். காதால் பிரிக்கக் கஷ்டப்பட்டவர் கண்ணுக்குத் தெரியும்படி பிரித்து வைத்தார். நமக்கு அது கஷ்டமில்லை, அதனால் நாம் செய்யவில்லை.

பெண்மணி பென்சிலை எடுத்து ஏகாரத்தை எழுதிப் பார்த்தார். காலைக் கொஞ்சம் நீளமாக இழுத்துவிட்டார். நான் திருத்தவில்லை.

ஊர்

ஜூன் மாதம் பள்ளி திறந்தது. அந்தப் பையன் ஒன்பதாம் வகுப்புக்கு வந்திருந்தான். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு வேப்பமரத்தடியில் உட்கார வைத்து, "ஒங்க மொழியில எ, ஏ எப்படிப்பா எழுதுவீங்க?" என்று கேட்டேன். முதலில் விளங்காமல் பார்த்தான். பிறகு, "ஒண்ணுதாங்கய்யா. ரெண்டு கெடையாது" என்றான். ஒகரத்துக்கும் அப்படியே, ஒன்றுதான். மணலில் விரலால் எழுதிக் காட்டினான். அந்த இரண்டு ஒடியா எழுத்துகளும் இப்போது எனக்கு எழுதத் தெரியும்.